மலை ஏறும்போது மட்டும் கார் நின்றுவிடுகிறது: பம்ப் போச்சா, பம்ப் கண்ட்ரோல் மாடூல் போச்சா?

நாகலூர் மிளகு:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம், கூடவே மிளகு. தோட்ட வேலைக்கு ஜீப் இருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை. கேள்வி காரைப் பற்றியது. 2014 மாடல் செடான், டர்போ பெட்ரோல், பெட்ரோலை சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இஞ்செக்‌ஷன், ஆட்டோமேட்டிக். பேச்சு கம்பெனியைச் சுற்றிப் போக வேண்டாம் என்று பெயரை எழுதவில்லை.

மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து சேலத்தில் பிசியோதெரபி நடக்கிறது. அதனால் அடிக்கடி இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. இறங்கும்போது வண்டியில் ஒரு குறையும் தெரியாது. சேலத்துக்குள் அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, ஜங்ஷன் என்று எங்கே சுற்றினாலும் தெரியாது. திரும்பி ஏறும்போதுதான் ஆரம்பிக்கிறது. அடிவாரம் தாண்டி முதல் சில வளைவுகள் ஒழுங்காக ஏறும். பாதி மலை வருவதற்குள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுக்காது. முக்கும், குலுக்கும், இஞ்சின் விளக்கு எரியும், அப்புறம் அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்காது. இருபது நிமிடம் போல ஓரமாக நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. மதிய வெயிலில் மோசம், அதிகாலையில் அநேகமாக வருவதில்லை.

கடைசியாகக் கொண்டை ஊசி வளைவிலேயே நின்றது. பின்னால் பஸ், மேலிருந்து இறங்கும் லாரி, உள்ளே தானாக இறங்கி நிற்க முடியாத மாமியார். நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இதைச் சரி செய்யாமல் அவரை இனி இந்தக் காரில் ஏற்றுவதாக இல்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி 0087 என்று ஒரு எரர் கோட் வந்தது, ரெயிலில், அதாவது இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில், பிரஷர் குறைவு என்றார்கள். பெட்ரோல் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றினார்கள். மாறவில்லை. இப்போது டேங்கில் இருக்கும் பம்ப் அசெம்பிளியையும், இஞ்சின் மேல் இருக்கும் ஹை பிரஷர் பம்பையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "மாற்றிப் பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் பதிலுக்கு அவ்வளவு பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்த ஒருவர், மேலே காற்று மெலிசு, அதனால்தான் திணறுகிறது என்கிறார். பம்புக்கென்று தனியாக ஒரு கண்ட்ரோல் மாடூல் இருக்கிறது, அதுவும் இப்படிச் செய்யும் என்று ஒரு இடத்தில் படித்தேன். மாற்றுவதற்கு முன்பே எது போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

அடிவாரம் டாக்ஸி:

மேடம், இந்த ரோட்டில் தினமும் ஏறி இறங்குகிறவன் நான். முன்பெல்லாம் கார்ப்பரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் சூடாகி ஆவியடைத்துக்கொள்ளும். பம்பு மேல் ஈரத்துணி போடுவோம், சரியாகிவிடும். உங்கள் வண்டியில் அது நடக்காது என்று நினைக்கிறேன். எங்கள் ஸ்டாண்டில் ஒரு வண்டிக்கு இதே மாதிரி தொந்தரவு வந்தது. டேங்க் பம்புக்கு பேட்டரியிலிருந்து ரிலே போட்டு நேர் கரண்ட் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஓடுகிறது. செலவும் குறைவு. அவசரத்துக்கு அதைச் செய்து பாருங்கள். வளைவில் நின்றால் ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, ஆட்களை மலைச்சுவர் பக்கமாக இறக்கி நிற்க வையுங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.

கோரிமேடு ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

மேடம், எதையும் மாற்றாதீர்கள். ரிலேயும் போடாதீர்கள். அது ஏன் கூடாது என்று பிறகு சொல்கிறேன், டாக்ஸி அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் காற்று மெலிசு விஷயம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். டர்போ வண்டி அந்த வித்தியாசத்தைத் தானே ஈடுகட்டிவிடும். அதுவுமில்லாமல் உங்கள் வண்டி பாதி மலையில் நிற்கிறது, மேலே போய் நாகலூரில் நன்றாக ஓடுகிறது. காற்றுதான் காரணம் என்றால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் வண்டியின் அமைப்பைச் சொல்கிறேன். சாதாரண பெட்ரோல் வண்டியில் டேங்க் பம்புக்கு ஒரு ரிலே வழியாக முழு 12 வோல்ட் போகும். பம்ப் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும். நேரடி இஞ்செக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் அப்படி இல்லை. டேங்க் பம்புக்கும், இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்கும் நடுவில் ஒரு கண்ட்ரோல் மாடூல் உட்கார்ந்திருக்கும். ஈசிஎம் அதற்கு ஒரு துடிப்புக் கட்டளை அனுப்பும். மாடூல் அந்தக் கட்டளைக்குத் தகுந்தபடி பம்புக்குப் போகும் கரண்டை நொடிக்குப் பல முறை வெட்டி வெட்டிக் கொடுத்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். டேங்க் பம்ப் கொடுக்கும் பிரஷர் 4 முதல் 6 பார் வரை. அதை வாங்கி, கேம்ஷாஃப்டில் ஓடும் ஹை பிரஷர் பம்ப் 100 பாருக்கு மேல் ஏற்றி ரெயிலுக்கு அனுப்பும். கீழே 5 பார் வராவிட்டால் மேலே 100 பார் வராது. பி 0087 சொல்வது அவ்வளவுதான்: மேலே பிரஷர் இல்லை. யார் தராமல் விட்டார்கள் என்று அது சொல்வதில்லை. ஃபில்டர், டேங்க் பம்ப், மாடூல், வயரிங், ஹை பிரஷர் பம்ப், சென்சார், யாராகவும் இருக்கலாம். அந்த ஒரு எரர் கோட் நம்பரை வைத்துக்கொண்டு இரண்டு பம்புக்கு பில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. வாடிக்கையாளர் பணத்தில் சோதனை செய்யக் கூடாது.

இப்போது நீங்கள் சொன்ன அறிகுறிகள். ஏறும்போது இஞ்சினுக்கு நிறைய பெட்ரோல் வேண்டும், அதனால் மாடூல் அதிகக் கரண்டைக் கடத்த வேண்டும், சூடாகும். இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் இஞ்செக்டரே மூடிக்கொள்ளும், மாடூலுக்கு ஓய்வு. மதியம் மோசம், காலையில் இல்லை. இருபது நிமிடம் ஆறினால் உயிர் வருகிறது. இத்தனையும் சூட்டில் விட்டுப் போகும் ஒரு எலக்ட்ரானிக் சாமானைத்தான் காட்டுகிறது. உள்ளே இருக்கும் ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கலாம், கரண்டைக் கடத்தும் டிரான்சிஸ்டர் பலவீனமாகியிருக்கலாம்.

ஆனால் இதே அறிகுறியோடு வரும் இன்னொரு ஆள் உண்டு, இஞ்சின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். அதுவும் சூட்டில் செத்து ஆறினால் பிழைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் நிற்கும் விதத்தில் தெரியும். கிராங்க் சென்சார் போனால் சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். பெட்ரோல் குறைந்தால் நீங்கள் எழுதிய மாதிரி முக்கி, குலுக்கி, அப்புறம் நிற்கும். உறுதி செய்ய, நின்ற பிறகு செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 200 பக்கம் காட்டினால் கிராங்க் சென்சார் நன்றாக இருக்கிறது. பூஜ்யம் காட்டினால் பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம்.

இனி முக்கியமான வேலை. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆறிய வண்டியில் மீட்டர் வைத்துப் பார்த்து "மாடூல் ஓகே" என்று சொல்வதில் பயனில்லை. நிற்கிற அந்த நிமிடத்தில் கரண்ட் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரிய வேண்டும். அதற்கு நான் செய்வது இரண்டு பல்ப். பார்க்கிங் விளக்குக்குப் போடும் 5 வாட் பல்ப் போதும்.

பின் சீட் மெத்தையைத் தூக்கினால் டேங்க் மூடி தெரியும். உங்கள் மாதிரி வண்டிகளில் மாடூல் அநேகமாக அந்த மூடியை ஒட்டியே இருக்கும். சில வண்டிகளில் டிக்கியில் ஓரமாகவோ வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி பக்கமோ வைத்திருப்பார்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மாடூலுக்குள் வரும் மெயின் கரண்ட் வயரிலும் அதன் எர்த்திலும், வயர்களை மாடூலில் மாட்டும் கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசிப் பின் நுழைத்து, 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த வயரில் முதல் பல்பை இணையுங்கள். மாடூலிலிருந்து பம்புக்குப் போகும் இரண்டு தடித்த வயர்களுக்கு இடையில் அதே மாதிரி இரண்டாவது பல்ப். இதற்கு பாடியில் எர்த் எடுக்காதீர்கள். சில வண்டிகளில் பம்பின் நெகட்டிவும் மாடூல் வழியாகத்தான் போகும், பாடியில் எர்த் எடுத்தால் பல்ப் பொய் சொல்லும். இரண்டு பல்பையும் டாஷ்போர்டு பக்கம் கொண்டுவந்து வையுங்கள். எல்ஈடி வேண்டாம், இழை பல்ப்தான் வேண்டும். பம்புக்குக் கரண்ட் கூடினால் இரண்டாவது பல்ப் பளிச்சென்று எரியும், குறைந்தால் மங்கும், கண்ணாலேயே படிக்கலாம்.

வயர்களின் நிறமும் இடமும் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடலின் வயரிங் படம் கையில் இல்லாமல் யாரும் பின் நுழைக்கக் கூடாது. முக்கியமாக ஈசிஎம்மிலிருந்து வரும் கட்டளை வயரில் பல்பையோ டெஸ்ட் லாம்பையோ வைக்கவே கூடாது. அது மெல்லிய சிக்னல். பல்ப் இழுக்கும் கரண்டில் ஈசிஎம் போனால் மாடூலை விடப் பல மடங்கு செலவு.

நின்றவுடன் செல்ஃப் அடித்தபடியே பார்க்க வேண்டியது:
இரண்டு பல்பும் எரிகிறது, வண்டி மட்டும் நின்றது என்றால் மாடூல் வேலை செய்கிறது, பம்பையும் அதற்கு மேலே உள்ளதையும் பாருங்கள்.
இரண்டும் அணைந்தது என்றால் மாடூலுக்கே கரண்ட் வரவில்லை. ஃபியூஸ், ரிலே, வயர், எர்த்.
முதல் பல்ப் எரிந்து இரண்டாவது அணைந்தது என்றால், ஆர்பிஎம்மும் வருகிறது என்றால், அநேகமாக மாடூல்தான். ஈசிஎம் கட்டளை வருகிறதா என்பதை மட்டும் துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பிலோ, டியூட்டி (துடிப்பு எத்தனை சதவீத நேரம் ஆனில் இருக்கிறது) காட்டும் மீட்டரிலோ ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சோதனைக்கு மாமியாரைக் கூட்டிப் போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். பின்னால் உங்கள் ஜீப் வரட்டும். போக்குவரத்து குறைந்த நாளாகப் பார்த்துப் போங்கள். பல்பை ஓட்டுகிறவர் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

இப்போது நேர் கரண்ட் விஷயம். பம்ப் பிழைத்திருக்கிறதா என்று நிறுத்திய வண்டியில் சில நொடி நேர் கரண்ட் கொடுத்துப் பார்ப்பது சோதனை, அதில் தப்பில்லை. ஃபியூஸ் வைத்த வயரில், பம்ப் முனையை முதலில் மாட்டிவிட்டு, கடைசி இணைப்பை பேட்டரி பக்கத்தில் கொடுக்க வேண்டும், பொறி டேங்க் அருகில் வரக் கூடாது. அதையே நிரந்தரமாக வைத்து மலையில் ஓட்டுவது வேறு. பம்ப் எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றும். அதை விடப் பெரிய ஆபத்து, வண்டி மோதினால் ஈசிஎம் பம்பை நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு. இக்னிஷனில் ரிலே எடுத்திருந்தால் வண்டி கவிழ்ந்து கிடந்தாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பைப் கிழிந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணே, உங்கள் ஸ்டாண்டு வண்டியில் இருக்கும் அந்த ரிலேயையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அதில் ஆட்கள் ஏறுகிறார்கள்.

சூரமங்கலம் ஸ்பேர்ஸ்:

எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதோடு பார்ட்ஸ் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். மாடூல் தனியாகக் கிடைக்காது, பம்ப் அசெம்பிளியோடுதான் வரும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். பல மாடல்களில் இரண்டுக்கும் தனித்தனி பார்ட் நம்பர். பழைய மாடூலின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுங்கள். நம்பர் முழுவதும், கடைசியில் வரும் எழுத்து உட்பட, ஒத்துப்போக வேண்டும். அந்த எழுத்து மாறினால் உள்ளே சர்க்யூட்டே மாறியிருக்கலாம்.

பழைய சாமான் வேண்டும் என்றால் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். என் கருத்து, சோதனைக்கு வாங்கலாம், ஓட்டுவதற்கு வேண்டாம். அதுவும் இதே வயது வண்டியிலிருந்து கழன்றதுதான், அதே சூட்டைத் தின்றதுதான். பெட்டி பிரிக்காத டூப்ளிகேட்டுகளும் வருகின்றன. கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும், சூட்டைக் கடத்த வேண்டிய உலோகத் தகடு மெலிசாக இருக்கும். மலை ஏறுகிற வண்டிக்கு அதைப் போட்டால் திரும்ப இதே கதைதான்.

இன்னொன்று. மேலே மூடுபனியில் நிற்கும் வண்டிகளில் கப்ளர் பின்கள் பச்சை பூத்து வருவதை அடிக்கடி பார்க்கிறேன். தோட்டத்து வண்டி என்றால் எலி கடித்த வயரும் உண்டு. மாடூலைக் குறை சொல்வதற்கு முன் அதையும் பாருங்கள்.

நாகலூர் மிளகு:

அண்ணா, சொன்னபடியே செய்தோம். டவுனில் ஜீப்புகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஒருவரை வரவழைத்தேன். வயரிங் படம் என் தம்பி எடுத்துக் கொடுத்தான். பல்ப் இரண்டையும் ஏசி வென்ட் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினோம். வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்திருந்தார், அவர் ஜீப்பில் பின்னால் வந்தார். நான் ஓட்டினேன், தம்பி பல்பைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

முதலில் சில விஷயங்கள் தெரிந்தன. காலையில் ஓட்டுநர் கதவைத் திறந்தவுடனே பின் சீட்டுக்கு அடியிலிருந்து "ங்ங்" என்று ஒரு சத்தம் வந்தது, கூடவே இரண்டாவது பல்ப் ஒரு நொடி எரிந்து அணைந்தது. இத்தனை வருடம் ஓட்டியும் அந்தச் சத்தத்தை நான் கவனித்ததில்லை. சேலத்துக்குள் ஓட்டும்போது இரண்டாவது பல்ப் பாதி வெளிச்சத்தில் இருந்தது. அடிவாரத்தில் ஏற ஆரம்பித்ததும் வெளிச்சம் கூடியது. கால் எடுத்தால் மங்கியது. நீங்கள் எழுதியதை அப்படியே கண்ணால் பார்த்தோம்.

மதியம் ஒரு மணிக்கு மேல் வேண்டுமென்றே கிளம்பினோம். எட்டாவது ஒன்பதாவது வளைவு பக்கம் இரண்டாவது பல்ப் ஒரு முறை சிமிட்டியது. அந்த நொடியே வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மறுபடி எரிந்தது. கொஞ்ச தூரத்தில் திரும்பச் சிமிட்டியது, அப்புறம் அணைந்தது. வண்டி முக்கி நின்றது. முதல் பல்ப் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கியிருந்ததால் பயமில்லை. செல்ஃப் அடித்துப் பார்த்தோம், ஸ்கேனரில் ஆர்பிஎம் 220 காட்டியது. இரண்டாவது பல்ப் எரியவில்லை. கதவைத் திறந்து மூடினோம், "ங்ங்" சத்தமும் இல்லை.

ஜீப்பில் வந்த எலக்ட்ரீஷியன் அங்கேயே டியூட்டி மீட்டர் வைத்துப் பார்த்தார். செல்ஃப் அடிக்கும்போது கட்டளை வயரில் துடிப்பு வருகிறது என்றார். மாடூல் எர்த்தில் வித்தியாசம் 0.05 வோல்ட்தான், அதனால் எர்த் நன்றாக இருக்கிறது என்றார். மாடூலைத் தொட்டுப் பார்த்தார், கை வைக்க முடியவில்லை. இருபது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தால் பல்ப் எரிந்தது, வண்டியும் ஸ்டார்ட் ஆனது.

வீட்டுக்கு வந்து கப்ளரைக் கழற்றினார். பம்புக்குப் போகும் ஒரு பின் மட்டும் பழுப்பேறிக் கறுத்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் லேசாக இளகி ஓரம் வளைந்திருக்கிறது. மற்ற பின்களெல்லாம் பளபளப்பாக இருக்கின்றன. பச்சை பூக்கவில்லை, எலியும் கடிக்கவில்லை. இனி மாடூல் வாங்கலாமா?

கோரிமேடு ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

வாங்கலாம் மேடம். இதற்கு மேல் சாட்சி வேண்டாம். உள்ளே கரண்ட் வந்தது, கட்டளை வந்தது, எர்த் சுத்தம், வெளியே மட்டும் ஒன்றும் வரவில்லை.

ஆனால் அந்தக் கறுத்த பின்னைச் சொன்னீர்களே, அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். புது மாடூலைப் பழைய கப்ளரில் மாட்டினால் கொஞ்ச நாளில் புது மாடூலின் பின்னும் கறுக்கும். பின் தளர்ந்து பிடிப்புக் குறைந்தால் அந்த இடத்தில் தடை கூடும், தடை இருக்கும் இடத்தில் சூடு பிறக்கும், சூடு பின்னை இன்னும் தளர்த்தும். மாடூல் சூடாகி பின் வெந்ததா, பின் தளர்ந்து மாடூலைச் சூடாக்கியதா என்று வெளியிலிருந்து சொல்வது கஷ்டம். அதனால் இரண்டையும் மாற்றிவிட வேண்டும். வயரோடு சேர்ந்த கப்ளர் கிடைக்கும். பழைய வயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, அதே கனமுள்ள வயரில் உலோகக் குழாய் வைத்து அழுத்தி கிரிம்ப் செய்து, சூட்டுக்குச் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். ஸ்லீவைச் சுருக்க டேங்க் அருகில் லைட்டரோ ஹீட் கன்னோ பிடிக்கக் கூடாது. வயரை வெளியே இழுத்து, டேங்க் மூடியிலிருந்து தள்ளி வைத்துச் செய்ய வேண்டும். கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும்.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: அந்தப் பின்னில் ஏன் அவ்வளவு கரண்ட்? பம்ப் தேய்ந்து இறுகியிருந்தால் அது அதிக ஆம்பியர் இழுக்கும். பம்பைப் பார்க்காமல் மாடூலை மட்டும் மாற்றினால் பம்ப் புது மாடூலையும் சாப்பிட்டுவிடும். அதனால் புது மாடூல் போடுவதற்கு முன், நான் சொன்ன முறையில் சில நொடி பம்புக்கு நேர் கரண்ட் கொடுத்து, டிசி கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பாருங்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் எவ்வளவு என்று இருக்கும். இந்த அளவு பம்புகள் பெரும்பாலும் 10 ஆம்பியருக்குள் அடங்கும். எண்ணை விட முக்கியம் அது நிலையாக இருக்கிறதா என்பது. 6 என்றால் 6லேயே நிற்க வேண்டும். 6, 9, 5 என்று ஆடினால் பம்புக்குள் கார்பன் தேய்ந்திருக்கிறது.

மாற்றும் வேலை பெரிதில்லை. மாடூல் டேங்குக்கு வெளியே இருப்பதால் பெட்ரோல் பைப்பைக் கழற்ற வேண்டியதில்லை. பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, மூடியைச் சுற்றியுள்ள மண்ணை பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். கப்ளர் லாக் பத்து வருட சூட்டில் மொறுமொறுவென்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உடையும், விரலால் அழுத்தி மெதுவாக இழுக்க வேண்டும். மாடூலின் உலோக முதுகு எதன் மேல் உட்கார்ந்திருந்ததோ அதே மேல் முழுதாகப் படிந்து உட்கார வேண்டும், ஸ்க்ரூ எல்லாம் போட வேண்டும். ஒரு ஸ்க்ரூவை விட்டால்கூடச் சூடு வெளியேறாது. சில வண்டிகளில் புது மாடூலுக்கு புரோகிராம் ஏற்றாமல் ஸ்டார்ட்டே ஆகாது. உங்கள் மாடலுக்குத் தேவையா என்று பார்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கடைசியில் ஸ்கேனரில் அந்த எரர் கோட் நம்பரை அழித்துவிட்டு, பல்ப் இரண்டையும் கழற்றாமல் ஒரு முறை மலை ஏறுங்கள்.

டேங்க்கில் பெட்ரோல் குறைய விடாதீர்கள். டேங்க் பம்ப் தன்னைச் சுற்றியுள்ள பெட்ரோலில்தான் ஆறுகிறது. ரிசர்வில் மலை ஏறினால் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், காய்ந்து தேயும். கால் டேங்குக்குக் கீழே போனால் அடிவாரத்துக்கு முன்பே போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

அடிவாரம் டாக்ஸி:

ஸ்டாண்டில் பேசினேன். அந்த ரிலே போட்ட வண்டிக்காரன் நாளைக்கு உங்களிடம் வருவான் அண்ணே. மோதினால் பம்ப் நிற்கும் ஏற்பாடு இருக்கிறது என்று எங்கள் யாருக்குமே தெரியாது. கோரிமேட்டில் எந்த நேரம் இருப்பீர்கள்?

கோரிமேடு ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

காலை ஒன்பதுக்கு மேல் வரச் சொல்லுங்கள் அண்ணே. வண்டி ஆறியும் இருக்க வேண்டும், சூடாகவும் பார்க்க வேண்டும், அதனால் அரை நாள் ஒதுக்கிக்கொண்டு வரட்டும்.

நாகலூர் மிளகு:

வேலை முடிந்தது. பம்பின் ஆம்பியர் முதலில் பார்த்தோம். 6.2 வந்தது, அங்கேயே நின்றது, ஆடவில்லை. அதனால் பம்பைத் தொடவில்லை. சூரமங்கலம் அண்ணன் சொன்னது போலவே, மாடூல் தனியாக வராது என்றுதான் முதலில் கேட்ட இடத்தில் சொன்னார்கள். லேபிள் போட்டோவைக் காட்டி வேறொரு இடத்தில் கேட்டபோது தனியாகவே கிடைத்தது, கடைசி எழுத்து வரை ஒத்துப்போனது. புரோகிராம் தேவைப்படவில்லை. கப்ளரையும் வயரோடு மாற்றினோம். ஒர்க்‌ஷாப் எழுதிக் கொடுத்த பட்டியலில் நாலில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

பழைய மாடூலைக் கழற்றியபோது கவனித்தது: முதுகுப் பக்க ஸ்க்ரூக்களில் ஒன்று இல்லவே இல்லை. எப்போது விழுந்தது, யார் போடாமல் விட்டார்கள் என்று தெரியவில்லை. புதிதாகப் போட்டோம்.

சோதனைக்கு மதிய வெயிலில் மலை ஏறினேன். பல்ப் ஒரு இடத்திலும் சிமிட்டவில்லை. ஈசிஎம் கேட்ட பிரஷரும் வந்த பிரஷரும் ஸ்கேனரில் ஒன்றை ஒன்று ஒட்டியே ஏறி இறங்கின. 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி வீடு வரை நிற்காமல் வந்தேன். மேலே வந்ததும் மாடூலைத் தொட்டுப் பார்த்தோம், வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். மாமியாரை அடுத்த வாரம் இதிலேயே கூட்டிப் போகிறேன். அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பல்ப் வயர்களை இப்போது எடுத்துவிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?

கோரிமேடு ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

ரொம்ப சந்தோஷம் மேடம். அந்த இல்லாத ஸ்க்ரூதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. மாடூல் சரியாகப் படியாமல் ஆடி, சூடு வெளியேறாமல், பின்னும் தளர்ந்திருக்கிறது.

பல்ப் வயர்களை எடுத்துவிடுங்கள், அவை நிரந்தரமாக இருக்கக் கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டே எடுக்க வேண்டும். பின் நுழைத்த இடத்தில் கப்ளரின் ரப்பர் சீல் திறந்துகொண்டிருக்கும். உங்கள் பக்கம் மூடுபனி அதிகம், அந்தத் துளை வழியாக ஈரம் போகும். கப்ளரைக் கழற்றி சீல் ஒவ்வொன்றும் வயரை இறுகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்காததை மாற்றிவிட்டு, ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் சீலில் தடவி மாட்டுங்கள். மழைக்காலம் ஆரம்பிக்கும் முன் ஒரு முறை சீட்டைத் தூக்கி அந்தப் பம்ப் பின்னை மட்டும் பார்த்துவிடுங்கள். நிறம் மாறாமல் இருந்தால் அப்படியே மூடிவிடலாம்.